கை யாருடையது?

"கை தானா போயிடுச்சு." மகனை அறைந்த இரவு மனைவியிடம் நான் சொன்னது இதுதான். அவள் தோசைக்கல்லைத் துடைத்தபடியே, "அப்படிச் சொல்லாதீங்க. அது உங்க கைதான்" என்றாள்.

அவனுக்கு ஒன்பது வயது. மறுநாள் நான் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய பில்களின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் லோக்கல் ட்ரெயின் வரைந்திருந்தான். பன்னிரண்டு பெட்டி, ஜன்னல் கம்பி ஒன்றுகூட விடாமல். பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றதுதான். நடுவில், அடிக்கலாம் என்று நான் நினைத்த கணம் ஒன்று இருந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அதைத் தேடித்தான் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனையைப் பற்றிப் படித்தேன். 1983-ல் வெளியானது. தலையில் மின்முனைகளோடு உட்கார்ந்திருப்பவர், தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். எதிரே கடிகார வட்டத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருக்கும். அசைக்கத் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். எண்ணம் எழுந்தது அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்னால். மூளையில் ஆயத்தம் தொடங்கியதோ அரை நொடி முன்னாலேயே.

சரி, அப்படியானால் நான் அடிக்கவில்லை, மூளைதான் அடித்தது என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி நேரத்தில் அசைவைத் தடுத்துவிட முடியும் என்று லிபெட்டே நம்பினார். அந்த ஆயத்தம் என்பது முடிவே அல்ல, மூளையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கம் சேர்ந்து, அசைவு தொடங்கும் எல்லையைத் தொடுவதாக இருக்கலாம் என்று 2012-ல் ஆரன் ஷூர்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதினார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. சும்மா மணிக்கட்டை அசைப்பதற்குக் காரணம் தேவையில்லை, அதனால் யாருக்கும் வலிக்காது. நான் விட்ட அறை அப்படி வந்ததில்லை.

அன்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பேசிய பேச்சு. மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் லோக்கல் ட்ரெயின் ஏறியதிலிருந்து நின்றுகொண்டே பயணம். வடாலாவில் ஒருவர் பை விலாவில் இடித்தது. குர்லா வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு வீட்டுல யாராவது ஏதாவது பண்ணட்டும், இருக்கு" என்று மனசுக்குள் சொன்னேன். அது தெளிவாக நினைவிருக்கிறது. அங்கிருந்து செம்பூரில் வீட்டுக் கதவு வரை இருபது நிமிடம். 0.2 நொடியில் என்னால் முடியாமல் போயிருக்கலாம். இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எங்கப்பா பெல்ட்டால் அடிப்பார். அது என் கையில் இறங்கியிருக்கிறது. நான் கேட்டு வாங்கியதில்லை, உண்மைதான். ஆனால் அது அங்கே இருப்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே குர்லாவில் அதற்குத் தீனி போட்டேன்.

இப்போதெல்லாம் பல் கடிபடுவது தெரிந்தால் செம்பூருக்கு முந்தைய ஸ்டேஷனான திலக் நகரிலேயே இறங்கி நடக்கிறேன். மகனிடம் மன்னிப்பும் கேட்டேன். "சரிப்பா" என்றான். ஆனால் நேற்று அவன் தலைக்கு மேலிருந்த ஃபேன் சுவிட்சைப் போடக் கையைத் தூக்கினேன். சட்டென்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டான். அவன் யோசித்துச் செய்யவில்லை அதை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை மெதுவாகக் கீழே இறக்கினேன்.