ஒரு ‘கோ’வுக்காகப் போட்ட முதல் புல் ரிக்குவெஸ்ட்

வந்தாறுமூலைக் கம்பஸில் கணினி விஞ்ஞானம் படிக்க வந்தபோது, திறந்த மூல மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்பதோடு என் அறிவு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டதும் லேப்டாப் பழசு என்பதால்தான். நிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம் என்பதுதான் அதில் முக்கியம் என்று சஹானாவைப் பற்றி வாசித்த பிறகுதான் யோசித்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து தேடுவதற்காக இலங்கையில் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. சுனாமி அடித்த கல்லடி, கல்முனைப் பக்கம் சொந்தங்களை வைத்திருப்பவனுக்கு அது வெறும் பாடமாகத் தெரியாது.

சரி, நாமும் ஏதாவது செய்யலாம் என்று தேடினால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ எனக் குறித்தவற்றை எல்லாம் யாரோ முந்தி எடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலை விட நாம் தினமும் பயன்படுத்தும் செயலியில் நமக்கே எரிச்சல் தரும் இடம்தான் நல்ல தொடக்கம்.

எனக்குக் கிடைத்தது அப்படித்தான். எங்கள் பட்ச் மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு திறந்த மூலச் செயலியில், படம் போடாதவர்களின் பெயரில் முதல் எழுத்து வட்டத்துக்குள் வரும். கோகுலனுக்கு ‘க’ வந்தது, மேகலாவுக்கு ‘ம’. காரணம், நமக்கு ஒரே எழுத்தான ‘கோ’, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். நிரல் முதலாவதை மட்டும் வெட்டி எடுக்கிறது.

ஏற்கெனவே யாராவது முறையிட்டிருக்கிறார்களா என்று தேடினேன், இல்லை. இஷ்யூ, அதாவது பிழை முறையீடு, எழுதுவதற்குத்தான் அதிக நேரம் போனது. செயலியின் பராமரிப்பாளருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்தால் பிழை தெரியும், என்ன வருகிறது, என்ன வரவேண்டும் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். “செய்து அனுப்புங்கள்” என்று பதில் வந்தது.

அப்புறம் ஃபோர்க் (நிரலுக்கு என் கணக்கில் ஒரு பிரதி), குளோன் (அதை லேப்டாப்பில் இறக்குவது), திருத்தத்துக்குத் தனி பிராஞ்ச் (கிளை). ஃபோன் டேட்டாவில் வேலை செய்பவர்கள் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் குளோன் கட்டளையோடு ‘டெப்த் 1’ கொடுங்கள், பழைய வரலாறு முழுக்க இறங்காது. திருத்தம் சில வரிகள்தான்: ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இருக்கும் செக்மென்டர் என்ற கருவி எழுத்தை எழுத்தாகவே பிரித்துத் தருகிறது.

அதைப் புல் ரிக்குவெஸ்டாக, அதாவது ‘என் திருத்தத்தை உங்கள் நிரலில் சேருங்கள்’ என்ற கோரிக்கையாக, அனுப்பியதும் கேள்விகள் வந்தன. டெஸ்ட் (திருத்தம் வேலை செய்கிறதா என்று சரிபார்க்கும் நிரல்) எங்கே? பழைய பிரவுசரில் இது இல்லையென்றால் என்ன ஆகும்? ஓகாரத்தை ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரித்துச் சேமித்திருந்தால்? கடைசிக் கேள்வி வேறொரு நாட்டுக்காரர் கேட்டது, எனக்கே தோன்றாதது. பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு பார்த்துப் பழகியவனுக்கு முதல் வாசிப்பில் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் நான்கு பேர் நம் நிரலை வரிவரியாக வாசிப்பது கம்பஸில் எத்தனை தரம் நடக்கும்? ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் எழுதினேன். பிறகு பதிலே இல்லை. அவர்களும் வேலை முடிந்த நேரத்தில் பார்ப்பவர்கள், ஆகவே சில வாரம் விட்டு ஒருமுறை பணிவாக நினைவூட்டினேன். மேர்ஜ் ஆனது, என் திருத்தம் செயலியில் சேர்ந்தது.

டெஸ்டுக்குப் பெயர்கள் சேர்த்தபோது இன்னொன்று கிளம்பியது. ஸ்ரீதரனுக்கு ‘ஸ்’ மட்டும் வருகிறது, அக்கரைப்பற்று நண்பன் ஃபர்ஹானுக்கு வெறும் ‘ஃ’. செக்மென்டரின் விதிப்படி அது சரிதான். இதையும் அதே ரிக்குவெஸ்டில் திணிக்க வேண்டாம், தனி இஷ்யூ போடுங்கள் என்றார்கள். போட்டேன். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் ‘ஸ்’ஸே போதும் என்கிறார். மட்டக்களப்பில் எத்தனை ஸ்ரீ இருக்கிறார்கள் என்று அவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.