தராசில் நான் ஏறினேன்

பெரும்போக வெட்டு முடிந்து, பரந்தன் பக்கம் வயல் வரம்பிலேயே நெல்லை விற்றோம். வெயிலில் இரண்டு நாள் காய்ந்த நெல். ஆனாலும் மூடை தூக்கும்போது கைக்குத் தெரிந்த பாரம் தராசில் வரவில்லை. சந்தேகத்தில் நானே ஏறி நின்றேன். கிளினிக்கில் 60 கிலோ காட்டிய ஆள், இங்கே 57.

"தம்பி, இது நெல் நிறுக்கிற தராசு, ஆள் நிறுக்கிறதில்லை" என்றார் வியாபாரி. சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் பிழை. கணக்குப் பார்த்தால் 20 மூடைக்கு ஒரு மூடை போகிறது. லொறி ரோட்டில் நிற்கிறது, மேகம் கறுக்கிறது. சரி, விற்றாயிற்று.

இரவு பைபிளை எடுத்தேன். உபாகமம் 25: பையிலே பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்காதே. வாங்க ஒன்று, விற்க ஒன்று! ஆமோஸ் 8-ல் இன்னும் பச்சையாக இருக்கிறது: ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி விற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். கும்பிட்டுக்கொண்டே கணக்குப் போடுகிறவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள். பக்கத்து வளவு நானா சொன்னார், குர்ஆனில் 83ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அளவில் மோசம் செய்பவர்கள்' என்று.

எங்கள் அம்மா கடனாக ஒரு கொத்து அரிசி கொடுத்தாலும் கும்பமாகத்தான் அளப்பா.

அடுத்த வெட்டான சிறுபோகத்துக்கு, தராசைச் சரிபார்க்க ஒரு 20 கிலோ படிக்கல் இரவல் கேட்டு வைத்திருக்கிறேன்.