சந்தா கட்டும் தோழர்கள்

எல்லை தாண்டிக் கைகோக்கும் சமூக ஜனநாயகக் கட்சிகளின் கூட்டறிக்கைகளைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எல்லாம் ஒரே வார்ப்பு. வரவு செலவையும், உறுப்பினரை நீக்கும் விதியையும் பாருங்கள். கூட்டு எவ்வளவு உறுதி என்று புரிந்துவிடும்.

ஐரோப்பிய சோசலிஸ்ட் கட்சி 1974-ல் தளர்வான கூட்டமைப்பாகத் தொடங்கி 1992-ல் கட்சியானது. உறுப்பினர்கள் தேசியக் கட்சிகள். பணத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. ஆனால் சும்மா வராது. 2014-ன் 1141-ஆம் எண் விதிமுறைப்படி, ஐரோப்பிய அளவிலான கட்சி எதுவானாலும் தன் செலவில் 15 சதவீதத்தைச் சந்தாவாகவும் நன்கொடையாகவும் தானே திரட்ட வேண்டியிருந்தது. நன்கொடையும் ஒருவரிடம் ஆண்டுக்கு 18,000 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது. பல கட்சிகள் திணறியதால் 2018-ல் அந்த 15 சதவீதத்தை 10 சதவீதமாக இறக்கினார்கள். அப்போதும் கணக்கு கடுமைதான்: சொந்தப் பங்கில் 1 யூரோ குறைந்தால் மானியத்தில் 9 யூரோ போய்விடும். ஒரு பெரிய உறுப்புக் கட்சி சந்தாவை இழுத்தடித்தால் தலைமையகத்தில் ஏன் தூக்கம் கெடுகிறது என்பது இதில் விளங்கும்.

அதிகம் சறுக்குவது வேறோர் இடத்தில். இந்தப் பணத்தைத் தேசியக் கட்சிக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ கொடுக்கக் கூடாது. ஐரோப்பியத் தேர்தலுக்கு ஒரு சுவரொட்டி அடிக்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளூர் வேட்பாளரின் முகம் பெரிதாக, உள்நாட்டு வரி பற்றிய கோஷம் நடுவில், ஐரோப்பியக் கட்சியின் சின்னம் மூலையில் பொட்டளவுக்கு. தணிக்கையில் இது மறைமுக நிதியுதவி என்று அடிபட்டுப் போகலாம். அப்புறம் அச்சகத்துக்குக் கொடுத்த தொகையை யார் தலையில் கட்டுவது என்று சண்டை.

நீக்கல் விதிக்கும் பணத்துக்கும் தொடர்பு உண்டு. 2018 திருத்தப்படி மானியத்தில் 90 சதவீதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உள்ள எம்.பி.க்களின் எண்ணிக்கைப்படி பிரிகிறது. ஒரு கட்சியை வெளியே அனுப்பினால் அதன் எம்.பி.க்களோடு பணமும் போகும். ஸ்லோவாக்கியாவின் ஸ்மெர் கட்சி தீவிர தேசியவாதிகளோடு ஆட்சி அமைத்ததற்காக 2006-ல் இடைநீக்கம் செய்யப்பட்டது. அதே கூட்டணி தொடரும்போதே 2008-ல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய பிழை. 2023-ல் அதே கதை, மறுபடி இடைநீக்கம். 2025 அக்டோபரில்தான் ஒரேயடியாக நீக்கினார்கள்.

ஆசியாவும் முயன்றது. 1953 ஜனவரியில் ரங்கூனில் ஆசிய சோசலிஸ்ட் மாநாடு கூடியது. இந்தியாவின் பிரஜா சோசலிஸ்ட் கட்சி, இந்தோனேசியாவின் சோசலிஸ்ட் கட்சி, ஜப்பானில் அப்போது பிளந்து கிடந்த இரு சோசலிஸ்ட் கட்சிகள் எல்லாம் வந்தன. காலனியாதிக்க எதிர்ப்புக்குத் தனிப் பிரிவே அமைத்தார்கள். 1956-ல் பம்பாயில் இரண்டாம் மாநாடு. ஆனால் உறுப்பினர்களின் காலடியில் மண் இல்லை: 1955 தேர்தலில் இந்தோனேசியக் கட்சிக்கு 257 இடங்களில் 5 மட்டுமே கிடைத்தது, 1960-ல் கட்சிக்கே தடை. செயலகத்தை வைத்திருந்த பர்மாவில் 1958-ல் ஆளும் முன்னணி இரண்டாக உடைந்து, அதே ஆண்டு ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போனது.