விக்டோரியா காலக் கேலிச்சித்திரக் கேள்வி: மதிப்பெண் நழுவும் இடங்கள்

வரலாற்றுத் தாளில் பிரிட்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை வார இதழின் படமொன்றைக் கொடுத்து "ஆராய்க" என்றால், பலரும் முகத்தில் தொடங்குகிறார்கள்: சுருக்கம், பூச்சு, பொய்முடி. முதலில் படிக்க வேண்டியது கீழே அச்சாகியிருக்கும் பேச்சு. அவ்விதழின் ஓவியர் ஜார்ஜ் டு மோரியர் வரைந்த மனிதர்கள் பெரும்பாலும் அழகானவர்கள். கேலி முழுவதும் அந்த நாலைந்து வரியில்தான். அதே இதழின் ஓவியர், 1864இல் இறந்த ஜான் லீச் வேறு மாதிரி, உருவத்தையே ஊதிக் காட்டுவார்.

மூலையில் 'ஸ்வெய்ன்' என்றிருந்தால் அது படத்தை அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்கியவர் பெயர். ஓவியர் என்று எழுதிவிடாதீர்கள். படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக்கோடு தெரியலாம். துண்டுக் கட்டைகளைச் சேர்த்து முடுக்கிய இடம் அது. அதற்குத் தத்துவ விளக்கம் எழுதியவர்களும் உண்டு!

அடுத்து ஆண்டு. எஃகு வளையப் பாவாடை 1856இல்தான் வந்தது. வாசலில் சிக்கிக்கொள்ளும் வளையப் பாவாடை என்றால் அதற்குப் பிந்திய படம். சைக்கிளும் முழங்கால் கால்சட்டையுமாகப் பெண் நின்றால் பெரும்பாலும் 1890கள்.

நிறைய மதிப்பெண் போவது முதிர்கன்னிப் படங்களில். "வயதான பெண்ணைக் கேலி செய்கிறது" என்பது பாதி விடைகூட இல்லை. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிகம் என்று தெரிந்தது. "இத்தனை பேருக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது" என்ற பதற்றம் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. பூச்சு, களிம்பு பற்றிய படம் 1868ஐ ஒட்டியதென்றால் மேடம் ரேச்சலை நினைவில் வையுங்கள். லண்டன் நியூ பாண்ட் தெருவில் 'என்றென்றும் அழகு' என்று சொல்லி அழகுப் பூச்சுகள் விற்றவர். அந்த ஆண்டு மோசடி வழக்கில் ஐந்தாண்டுச் சிறை பெற்றார்.

ஆண்களின் பகட்டை விட்டுவிட்டால் விடை ஒருபக்கமாகிவிடும். 1850களில் தாடி மோகம் பரவியபோது, தாடிக்கார ரயில் ஊழியர்களைக் கொள்ளையர் என்று நினைத்து மூதாட்டி நடுங்குவதை லீச் வரைந்தார். அங்கே கேலி இரு பக்கமும் பாய்கிறது.

"அக்காலப் பெண்கள் இப்படித்தான் இருந்தார்கள்" என்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம். மூன்று பென்ஸ் கொடுத்து இதழ் வாங்கிய நடுத்தர வர்க்கம் எதற்குச் சிரித்தது என்பதற்குத்தான் படம் சாட்சி. இருபது நிமிடம் கிடைத்தால் ஐந்தைப் பேச்சுக்கும் ஆண்டுக்கும் கொடுங்கள். முகத்துக்கு இரண்டு போதும்.