திங்கட்கிழமைக் கிளாரினெட்: பதினான்காம் வாரம்

வூடி ஆலன் இயக்கிய படங்களை 1969 முதல் ஆண்டு வரிசையில் வாரம் ஒன்றாகப் பார்ப்பது, அதில் காதில் தங்கிய மெட்டை அடுத்த திங்களன்று கிளாரினெட்டில் வாசித்துப் பார்ப்பது என்ற ஏற்பாட்டில் 1986ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். திங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் அவரேதான்: நியூயார்க்கின் மைக்கேல்ஸ் பப்பில் நெடுங்காலம் அவர் கிளாரினெட் வாசித்தது அந்தக் கிழமையில்தான். 1978 ஏப்ரல் 3 அன்று அவருடைய 'ஆனி ஹால்' சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர்களைப் பெற்றபோதும், விழாவுக்குப் போகாமல் அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் வாரத்து 'ஸ்லீப்பர்' (1973) என்னை அதிகம் வேலை வாங்கியது. இருநூறு ஆண்டுகள் உறைநிலையில் கிடந்தவன் 2173இல் கண்விழிக்கும் கதைக்கு எதிர்கால ஒலி எதையும் தேடாமல், நியூ ஆர்லியன்ஸின் பழைய ஜாஸையே பின்னணியாக வைத்து, அந்நகரத்தின் பிரிசர்வேஷன் ஹால் ஜாஸ் குழுவினரோடு தானும் சேர்ந்து வாசித்திருக்கிறார். பேச்சில்லாத துரத்தல் காட்சிகளில் அந்த இசைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பாதிச் சிரிப்பு காணாமல் போயிற்று. அவருடைய தொனியில் நியூ ஆர்லியன்ஸ் கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸின் அகன்ற அதிர்வு தெரிகிறது, ஆனால் வரவில்லை எனக்கு. அவர் வாசிப்பது துளைகளும் சாவிகளும் வேறு விதமாக அமைந்த பழைய ஆல்பர்ட் முறைக் கருவி, என்னுடையது இன்று பரவலான போம் முறை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் என் உதட்டுப் பிடிதான் இன்னும் பதமாகவில்லை.

ஐந்தாம் வாரப் படத்தில் ஒலித்தது ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் ஆர்கெஸ்ட்ரா இசை, ஏழாம் வாரப் படத்துக்குப் பின்னணி இசையே இல்லை என்பதால், இரண்டிலும் வெறும் சுரப்பயிற்சியோடு நிறுத்திக்கொண்டேன்.

எட்டாம் வாரம் 'மன்ஹாட்டன்' (1979). படம் தொடங்குவதே அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1924இல் எழுதிய 'ராப்சடி இன் ப்ளூ'வோடுதான். அதைத் திறக்கும் அந்தக் கிளாரினெட் வழுக்கலை மூன்று திங்கள்கிழமைகள் முயன்றேன். விரல்களைத் துளைகளிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக நழுவவிட்டு, அதே நேரத்தில் உதட்டையும் தொண்டையையும் தளர்த்தி இறுக்கி மேலே ஏற்ற வேண்டும். கர்நாடக இசையின் வழுக்கும் கமகமான ஜாருவைக் கேட்டுப் பழகிய காதுக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரிகிறது, கைக்குத்தான் வழி தெரியவில்லை. முதல் நாள் வந்தது வெறும் கீச்சு. மூன்றாம் திங்களன்று மேல்பாதி மட்டும் ஓரளவு அமைந்தது, அதற்குள் ஊதுவாயில் பொருத்தும் நாணல் தகடுகளான ரீடுகளில் இரண்டு போயின.

ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு படமாக எடுத்து 2023இல் ஐம்பதாவது படத்தை எட்டிய ஆலன், இசையில் தன்னை எப்போதும் அமெச்சூர் என்றே சொல்லிவந்தாலும் அன்றாடப் பயிற்சியை விடாதவர். வாரம் ஒருநாள் வாசிப்பவன் அவருடைய தொனிக்கு ஆசைப்படுவது சற்று அதிகம்தான். எனவே இந்த வாரம் முதல் தினமும் அரை மணி நேரம் ஒரே சுரத்தை நீண்ட மூச்சில் பிடிக்கும் நீள் சுரங்கள். அடுத்து 'ரேடியோ டேஸ்' (1987), வானொலிக் காலத்துப் பாட்டுகள் நிறைந்த படம். அதற்குள் இரண்டரை எண் ரீடு ஒரு பெட்டி வாங்க வேண்டும்.