இரு பங்குகள், ஓர் அறைவீடு: ஒரு செயலாளரின் நாட்குறிப்பு

2025 மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை இரு ஊர் வீடுகளிலிருந்தும் சேர்த்து, சுவாமி தங்கும் அறைவீட்டு முற்றத்தில் ஒரே தகரத்தில் இட்டு நேற்று மாலை எரித்தோம். கடற்கரையார் கொண்டுவந்தவை தென்னங்குருத்து. தோட்டக்காரரான எங்களுடையவை பனங்குருத்து. எது நல்ல சாம்பல் தரும் என்பதில் கோயில் காரியங்களைக் கவனிக்கும் இரண்டு மூப்பர்களும் உடன்படவில்லை. இன்று இரு கோயில்களிலும் நெற்றியில் பூசப்பட்டது இரண்டும் கலந்த சாம்பலே.

புதிதாக வாசிப்போருக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வலிகாமம் மேற்கில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தள்ளி இருக்கும் இரு பங்குகள், அதாவது தனித்தனிக் கோயிலைச் சார்ந்த இரு கத்தோலிக்கச் சமூகங்கள், எங்களுடையவை. ஒன்று வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரரின் செபமாலை மாதா கோயில். மற்றையது கடற்றொழிலாளரின் புனித அந்தோனியார் கோயில். குருக்கள் பற்றாக்குறையாக இருக்கும் இடங்களில் அயலிலுள்ள பல பங்குகளை ஒரே பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 526ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த ஏற்பாட்டின்படி எங்கள் இரு பங்குகளுக்கும் சுவாமி, அதாவது குரு, ஒருவரே. அவர் தங்கும் அறைவீடு எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்பது கடற்கரையாருக்கு நெடுநாள் மனக்குறை. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இரு பங்குகளின் ஆலோசனைக் குழுக்களான அருட்பணிச் சபைகளும் கூடின. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவின் பாஸ்கா திருவிழிப்பு ஆகிய மூன்று நாள் வழிபாடுகளையும் எங்கே நடத்துவது என்ற ஒரே விடயத்திற்காகவே கூட்டம். சுவாமி 1988இல் உரோமையிலிருந்து வெளிவந்த பாஸ்கா விழாக்கள் பற்றிய சுற்றறிக்கையை விளக்கினார். ஒரே குருவைக் கொண்ட சிறிய பங்குகள் இயன்றவரை ஒரு முதன்மைக் கோயிலில் ஒன்றுகூட வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. ஆயினும் மக்கள் பெருமளவில் கூடுகிற, வழிபாட்டை உரிய சிறப்போடு நடத்தக்கூடிய இடங்களில் அதே வழிபாட்டைத் திரும்பவும் நடத்தலாம் என்றும் சொல்கிறது. இரண்டு வாக்கியங்களில் எங்கள் சபையினர் முதலாவதையும், கடற்கரைச் சபையினர் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், முதன்மைக் கோயில் எண்டால் எது? அறைவீடு இருக்கிறதோ, ஆக்கள் கூட வாறதோ?" என்று கடற்கரைச் சபையின் தலைவரும் படகு வலை உரிமையாளருமான சம்மாட்டியார் என்னைப் பார்த்துக் கேட்டார். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். எங்கள் கோயில் மண்டபம் பெரிது; அவர்களின் குரல் பெரிது. முடிவின்றிக் கலைந்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவிற்குப் போனோர் நேற்று மாலை திரும்பினார்கள். வழமையாகக் கடற்கரையார் மட்டுமே போவார்கள். இம்முறை எங்கள் பங்கிலிருந்தும் சில குடும்பங்கள் குறிகட்டுவானிலிருந்து அவர்களோடு படகேறின. வெள்ளி மாலை சிலுவைப்பாதை, பின்னர் திருச்சொரூபப் பவனி, சனி காலை திருப்பலி என்று நிகழ்வுகள் மாறாத ஒழுங்கிலேயே நடந்தன. மாறியது எங்கள் தோட்டக்காரர் கேட்ட கதைகள்தாம்.

இந்திய இழுவைப் படகுகள் இரவில் வந்து வலைகளை அறுத்துச் செல்லும் செய்தியைப் பத்திரிகையில் வாசிப்பது வேறு. வலையை இழந்தவன் இராமேஸ்வரத்திலிருந்து வந்த யாத்திரிகருக்கு அருகில் மணலில் அமர்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு. இலங்கையில் அடிமட்ட இழுவை மீன்பிடி 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அச்சட்டம் கடலின் அடியை எட்டவில்லை என்பது கடற்கரையாரின் முறைப்பாடு. "வலையை அறுத்தவனோட இருந்து எப்பிடியண்ணை செபமாலை சொல்லுறது?" என்று ஓர் இளைஞன் எங்கள் வெங்காயக்காரர் ஒருவரிடம் கேட்டானாம். கேட்டுவிட்டு, ஐந்து பத்து மணியையும் சொல்லி முடித்தானாம். அந்த வெங்காயக்காரர் இன்று பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, பெரிய வெள்ளியைக் கடற்கரையிலேயே வைக்கலாம் என்றார். சென்ற கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர்.

மார்ச் 28, வெள்ளி

தவக்கால வெள்ளிகளில் கடற்கரைக் கோயிலில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் எழுதிய அந்தப் பாடத்தை அங்கே ஒப்பாரியின் இழுவையோடு பாடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது வாசிப்பாகவே நின்றுவிட்டது, அதையும் கேட்க ஆளில்லை. இன்று எங்கள் பாடகர் குழுவின் பெண்பிள்ளைகள் சிலரை அங்கே அனுப்பினோம். பாடிய முதியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. தனக்குப் பிறகு இதைச் சொல்லத் தன் ஊரில் எவரும் முன்வரவில்லை என்று வருந்திக்கொண்டிருந்தவர், வேற்றூர்ப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வதைக் கண்டு சற்றுக் கோபமும் சற்று மகிழ்ச்சியும் அடைந்தார். ஒலிப்பதிவு போதாது, நேரில் வந்து பழக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. சரியான நிபந்தனை.

ஏப்ரல் 6, ஞாயிறு

முடிவு எட்டப்பட்டது. பெரிய வியாழன் எங்கள் கோயிலில், பெரிய வெள்ளி கடற்கரையில், திருவிழிப்பு எங்கள் கோயிலில், உயிர்த்த ஞாயிறு காலைத் திருப்பலி கடற்கரையில். கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. தேநீர் அதைவிட நீண்ட நேரம் நடந்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பாதம் கழுவுவதற்குப் பன்னிருவரையும் ஊருக்கு அறுவராகத் தெரிவு செய்தோம். 2016 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இச்சடங்கின் விதியைத் திருத்தி, பெண்களையும் தெரிந்துகொள்ள வழிசெய்தார். எங்கள் இரு ஊர்களிலும் அது நடைமுறைக்கு வரவில்லை, இவ்வாண்டு வந்தது. கடற்கரையிலிருந்து கூடையில் மீன் சுமந்து விற்கும் ஓர் அக்காவும், எங்கள் பக்கத்தில் வெங்காயம் கிண்டக் கூலிக்குப் போகும் ஒரு தாயாரும் வரிசையில் அமர்ந்தார்கள். அந்த அக்கா எங்கள் ஊர்ப் படலைகளில் எல்லாம் நின்றவர். கோயிலுக்குள் முன்வரிசையில் அவரை இன்றுதான் கண்டோம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் எங்கள் பெண்கள் கடற்கரைக் கோயில் வளவில் கஞ்சி காய்ச்சினார்கள். அரிசியும் பயறும் எங்கள் பங்கினுடையவை. விறகும் கிடாரமும் அவர்களுடையவை.

பிற்பகல் திருப்பாடுகளின் வழிபாடும் சிலுவை ஆராதனையும் முடிந்து, மாலையில் இறந்த ஆண்டவரின் சொரூபத்தைப் பாடையில் வைத்து ஆசந்தி எடுத்தார்கள். இதில் ஒன்றை எழுத வேண்டும். ஆசந்திக்கு யார் தோள் கொடுப்பது, திருச்சொரூபக் கூட்டை யார் தொடுவது என்பன ஒரு காலத்தில் சாதி பார்த்தே தீர்மானிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக் கோயில்களின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எங்கள் இரு பங்குகளும் இவ்வளவு அருகில் இருந்தும் தனித்தனியாக உருவானதற்குத் தூரம் மட்டும் காரணமல்ல என்பது இரு ஊர் முதியவர்களுக்கும் தெரியும். இன்று முன் தண்டில் இருவர் அவர்கள், இருவர் நாங்கள். பின் தண்டிலும் அப்படியே. அதை ஒழுங்கு செய்தவர் சம்மாட்டியார். எவரிடமும் கேட்கவில்லை, பெயர்களைத் துண்டில் எழுதி மூப்பரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வழிபாடு முடிந்ததும் ஆசந்திக்கு நிற்காமல் வீடு திரும்பினார். அவரைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

திருவிழிப்பு நேற்றிரவு பத்து மணிக்குத் தொடங்கியது. கடற்கரை முதியவர்கள் எப்படி வருவார்கள் என்ற கேள்விக்கு எங்கள் தோட்டக்காரர் விடை கொடுத்தார்கள்: வெங்காயம் ஏற்றும் லான்ட்மாஸ்டர்கள் (இருசில்லு உழவு இயந்திரங்கள்) பெட்டியில் பாய் விரித்து வரிசையாகக் கடற்கரைக்குப் போயின. அவற்றின் இரைச்சலில் ஊரே விழித்திருந்தது. திருவிழிப்பு என்ற பெயருக்கு அதுவும் பொருத்தம்தான். புதிய நெருப்பை முற்றத்தில் மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் மெழுகுதிரிக்கும் ஒளி சென்றது. கடற்கரைக் கோயிலுக்கான திரியையும் அதே நெருப்பில் ஏற்றினோம். நள்ளிரவின் பின் அதை ஓட்டோவில் கொண்டுபோனபோது காற்றில் அணையாமல் காக்க இயலவில்லை. காலையில் அங்கே மீண்டும் ஏற்றித் திருப்பலியைத் தொடங்கினார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களில் இறந்தோருக்காக இன்று இரு கோயில்களிலும் மணி அடிக்கத் தீர்மானித்திருந்தோம். மதியம் கடந்து மற்றொரு செய்தியும் வந்தது: பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். மாலையில் இரு ஊராரும் எவரும் அழைக்காமலே எங்கள் கோயிலுக்கு வந்தார்கள். 2015 ஜனவரி 14இல் அவர் காலையில் கொழும்பில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டுப் பிற்பகல் மடுவுக்கு வந்தபோது, இரு ஊர்களிலிருந்தும் பஸ்களில் போனோம். அன்றைய கூட்டத்தில் யார் எங்கே நின்றோம் என்பதையே பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யோசேவாஸ் அடிகளாரின் பெயர் வந்தபடியால் ஒன்று. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதிலிருந்து அவர் 1687இல் இங்கே வந்து சேரும்வரை கத்தோலிக்கர் குருவின்றி இருந்தார்கள். பின்னர் அவரும் சில்லாலையை அடைக்கலமாகக் கொண்டு ஊர் ஊராக மறைந்து திரிந்தார். அவர் இல்லாத நாட்களில் செபத்தை நடத்தியவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமாரும். இரு பங்குக்கு ஒரு சுவாமி என்று நாங்கள் முறையிடும்போது, குருவே இல்லாமல் செபம் நடந்த காலம் இந்த வலிகாமத்திலேயே இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

மே 4, ஞாயிறு

கணக்குப் பார்த்தோம். ஒவ்வொரு பங்குக்கும் தனியான நிதிச் சபை இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் பிரிவு. இரு கணக்கையும் ஒன்றாக்கினால் வேலை குறையும் என்று எங்கள் பொருளாளர் மீண்டும் சொன்னார். நான் உடன்படவில்லை. கணக்கு ஒன்றானால் பெரிய கோயில் சிறியதைத் தாங்குகிறது என்ற பேச்சு ஒரு மாதத்திற்குள் வந்துவிடும். கிடாரத்தை இரவல் கொடுப்பவன் உரிமையாளனாக இருந்தால்தான் அது இரவல்.

மே 9, வெள்ளி

நேற்றிரவு ஒன்பதரை மணியளவில் வத்திக்கானில் வெண்புகை எழுந்தது. மாதா வணக்க மாதச் செபமாலை முடிந்து வீடு திரும்பியோர் தொலைக்காட்சிக்கு முன் குவிந்தார்கள். புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருவிழா. கொடியேற்றத்திலிருந்து ஒன்பது நாள் நவநாளில் ஒரு நாளை எங்கள் பங்கு பொறுப்பேற்றது. சோளகக் காற்று பலமாக வீசியதால் பந்தல் தகரங்கள் இருமுறை கழன்றன. எங்கள் பீடப்பணியாளர்கள் பதினொரு பேர் போதாதென்று கடற்கரைப் பிள்ளைகளுடன் ஆடைகளைப் பங்கிட்டார்கள், நீளம் பொருந்தவில்லை. பாண், சோறு, மீன்குழம்பு எல்லாம் குறைவின்றி இருந்தன. பாசையூரிலும் இதே நாளில் பெருந்திருவிழா என்பதால் பாடகர், ஒலிபெருக்கி, பூமாலை எதையும் வெளியிலிருந்து எடுப்பது கடினம். ஆகவே பாட்டு எங்களுடையது, ஜெனரேற்றரும் எங்களுடையது.

ஜூலை 9, புதன்

நவாலிக் குண்டுவீச்சின் முப்பதாம் ஆண்டு. 1995 ஜூலை 9இல் முன்னேறிப் பாய்தல் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, வலிகாமம் மேற்கிலிருந்து கையில் அகப்பட்டதோடு ஓடியவர்கள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அயலிலிருந்த சின்னக்கதிர்காம முருகன் கோயிலிலும் தங்கினார்கள். அன்று மாலை விமானப்படையின் குண்டுகள் விழுந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் இரு ஊராரும் அந்தப் பாதையால் ஓடியவர்களே. அப்போது எவர் எந்தப் பங்கு என்று எவரும் கேட்கவில்லை. இன்று நவாலிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். திரும்பும் வழியில் சம்மாட்டியார் அன்று தன் தாயாரைச் சைக்கிளில் வைத்து உருட்டிய வீதியைக் காட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு பூசை நேரத்தைப் பற்றிய நெடுங்காலப் பிணக்கு இன்று ஒரு முடிவுக்கு வந்தது. ஆறு மணித் திருப்பலி இரு ஊருக்கும் வேண்டும். ஏழரைக்குப் பிறகு வெயிலும் ஏறிவிடும், சந்தையும் கலைந்துவிடும். கடற்கரையார் சனி இரவில் கடலுக்குப் போவதில்லை என்பதால் அவர்களுக்கு விடியற்பூசை வசதி. எங்களுக்கோ இறைப்பு வேலை முன்னே நிற்கிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை நேரத்தை மாற்றிக்கொள்வது என்று ஒத்துக்கொண்டோம். முதல் முறை கடற்கரைக்கு. எங்கள் சபையில் இருவர் கையொப்பமிட மறுத்தார்கள். அதையும் அறிக்கையில் பதிந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு இரு கோயில்களிலும் வாசிக்க வேண்டிய அறிவித்தலை எழுதி முடித்தேன். புதிய நேரம் ஓகஸ்ட் முதல் ஞாயிறு தொடங்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு ஒரே பஸ். பெயர் கொடுப்போர் ஓகஸ்ட் 3க்கு முன் தங்கள் தங்கள் கோயில் செயலாளரிடம் கொடுக்க வேண்டும், அறைவீட்டுக்குப் போய்ச் சுவாமியிடம் கொடுக்கக் கூடாது.