பெடலும் அப்பாவின் காலும்

டிசம்பர் 1
உப்புக்காற்று ஆர்கனைத் தின்றுவிட்டது. மூடியைத் தூக்கினால் துரு கொட்டுகிறது. பெடல் மட்டும் அப்படியே கனமாக இருக்கிறது. கழற்றிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 3
பெடலுக்குள் ஒரு குட்டி பல்ப், எதிரே வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் எல்.டி.ஆர்., நடுவில் மறைப்புத் தகடு. மிதிக்க மிதிக்க வெளிச்சம் கூடும், சத்தமும் கூடும். உரசித் தேய்கிற பாகமே இல்லை, அதனால்தான் இத்தனை வருடமும் கரகரப்பு வரவில்லை. பல்ப் கருகியிருந்தது. ராமநாதபுரத்தில் வாங்கிய எல்.ஈ.டி.யை வைத்தேன். எல்.டி.ஆரின் ஒரு கால் 5 வோல்ட்டுக்கு, மறு கால் புரோ மைக்ரோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டுக்கு. அங்கிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்கு.

டிசம்பர் 4
கரண்ட் இல்லை. வாடை பலம். பாம்பனில் படகு எதுவும் போகவில்லை. அப்பா சாப்பிடவில்லை.

டிசம்பர் 6
போர்டு வோல்ட்டேஜை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். இந்தப் பெடல் தருவது 190 முதல் 840 வரைதான். அதை மிடியின் (இசைக்கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) 0–127 ஆக மாற்றி, 11ஆம் கண்ட்ரோலரில் அனுப்பினேன். 7 என்பது மொத்த வால்யூம். வாசிப்பின் ஏற்ற இறக்கம் 11தான். கம்ப்யூட்டரில் ஆர்கன் சத்தம் தரும் கிராண்ட்ஆர்க் (GrandOrgue) மென்பொருள் உடனே பிடித்துக்கொண்டது. வீடு நிறைந்த சத்தம். அப்பா கண் திறந்து பார்த்தார்.

டிசம்பர் 7
அவர் வலது காலை எடுத்துப் பெடல்மேல் வைத்தோம். திரையில் 31. அது காலின் கனம் மட்டும்தான்.

டிசம்பர் 9
நாலரை மணி. அடுப்படியிலிருந்து பார்க்கிறேன்: 31, 38, 52. ஓடினேன், பின்னாலேயே அம்மா. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மேற்கு ஜன்னல் வெயில் பெடலின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. அம்மா ஒன்றும் பேசாமல் ஜன்னலைச் சாத்தினாள். கறுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

டிசம்பர் 10
31.

டிசம்பர் 12
யாரும் தொடாமலே எண் 31, 32 என்று துள்ளுகிறது. போர்டை எட்டு முறை படித்துச் சராசரி எடுக்கச் சொன்னேன். இரண்டுக்குக் குறைந்த மாற்றத்தை அனுப்பாதே என்றும் ஒரு வரி எழுதினேன். திரை அசையாமல் நின்றது. அப்புறம் தூக்கமே இல்லை. அப்பாவின் கால் ஒரே ஒரு எண் அளவு நகர்ந்தால்? அதையும் சேர்த்துத் தள்ளிவிடுமே. எழுந்துபோய் அந்த வரியை எடுத்துவிட்டேன். துள்ளினால் துள்ளட்டும்.

டிசம்பர் 13
பயிற்சி கொடுக்க வரும் தம்பி, “நுனிக்கால அழுத்துங்கய்யா” என்றார். 31. 32. 31.

டிசம்பர் 15
கோயிலில் ஒத்திகை தொடங்கிவிட்டதாம். கிறிஸ்துமஸுக்கு ஆர்கன் யார் என்று கேட்டு ஆள் வந்தது. அப்பாவுக்குக் கேட்கும்படியே வாசலில் நின்று கேட்டார்கள்.

டிசம்பர் 17
34! திரும்ப 31. மறுபடி 34. அப்பா திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அம்மா அழுதுவிட்டாள்.

டிசம்பர் 18
டேப்பின் ஓரம் உரிந்திருக்கிறது. நேற்றே உரிந்திருந்ததா, தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. புதிதாக ஒட்டிவிட்டேன். இருட்டட்டும், காலை மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.